பழைய ரீவிக்குள் செம்பு மட்டுமா இருக்கிறது?



இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமானது 1979 ஆம் ஆண்டில். 1982 இல் ரூபவாஹினி வந்தது. அக்காலத்தில் ஒரு வீட்டில் ரீவிப் பெட்டி இருந்தால் அயலட்டை முழுவதும் அந்த வீட்டு விறாந்தையில்தான் இருக்கும். வடபகுதியில் மின்சாரம் இல்லாதிருந்த 1990 களில் ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்ததும், 2002 இல் ஏ9 பாதை திறந்த பின் லொறிகளில் பெட்டிகள் வந்து இறங்கியதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கடனுக்கு வாங்கியவர்கள், சீட்டுக் காசில் வாங்கியவர்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் வாங்கியவர்கள் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கதை உண்டு.

இன்று சுவரில் தட்டை ரீவி வந்துவிட்டது. பின்பக்கம் புடைத்த அந்தப் பழைய பெட்டி கோடிப்புறத்திலோ, கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலோ, தாவாரத்திலோ கிடக்கிறது. திருத்துவதற்கு உதிரிப்பாகம் கிடைப்பதில்லை. ஒருநாள் பழைய இரும்பு வாங்குபவர் வருகிறார். சில நூறு ரூபாவுக்குப் பெட்டியைக் கொடுத்து, இடம் மிச்சமாயிற்று என்று ஆறுதலடைகிறோம்.

அந்தப் பெட்டி அதன் பின் எங்கே போகிறது? யாருடைய கையால் உடைக்கப்படுகிறது? அப்படி உடைப்பதற்குச் சட்டம் இடம் தருகிறதா? இம்மாதம் இதைப் பற்றியே கதைக்க விரும்புகிறேன். ஏனென்றால் அந்தக் கைகளில் கணிசமானவை பெண்களின் கைகள்.

உடைப்பவர் யார்?

எனது வேலை காரணமாக நான் சென்றுவரும் குடியிருப்புகளில், கணவர் சைக்கிளிலோ லாண்ட்மாஸ்ரரிலோ போய்ப் பழைய சாமான் சேர்த்து வருவார். அவற்றைத் தரம் பிரிப்பது மனைவியின் வேலை. சமையலுக்கும் பிள்ளை பராமரிப்புக்கும் இடையில், முற்றத்தில் குந்தியிருந்து சுத்தியலால் உடைத்து, செம்பு வேறு, அலுமினியம் வேறு, இரும்பு வேறு, பிளாஸ்ரிக் வேறு என்று குவிப்பார். பாடசாலை விட்டு வந்த பிள்ளையும் வயர் உரிக்க உதவும். சமூகவியலில் இதை முறைசாராத் தொழில் என்பார்கள். பெயர் எதுவாயினும், இந்தப் பெண்ணின் உழைப்பு எந்தப் பதிவிலும் இல்லை. கணவரைக் கேட்டால், "அவ வீட்டிலதான் இருக்கிறா" என்பார்.

அவ்வாறான ஒரு தாயிடம், ரியூப் கண்ணாடியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "பிள்ளை, செம்பைக் குடுத்தால் உடனே காசு. இந்தக் கண்ணாடியை ஆர் வேண்டப் போகினம்? பின்னால பள்ளத்துக்குள்ள கொட்டுறதுதான்" என்றார். பள்ளத்திலிருந்து கிணறு அதிக தூரத்தில் இல்லை.

அவர் சொன்னதில் பொய் இல்லை. செம்புக்கு விலை உண்டு, கண்ணாடிக்கு விலை இல்லை. இந்த விடயத்தின் முழுச் சிக்கலும் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கியிருக்கிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பழைய பெட்டியின் நிறையில் பெரும்பகுதி பிக்சர் ரியூப் எனப்படும் கண்ணாடிக் குழாய். பாடப் புத்தகத்தில் இதைக் கதோட்டுக் கதிர்க் குழாய் என்று படித்திருப்போம். இதன் கழுத்துப் பகுதியைச் சுற்றி யோக் என்று திருத்துநர்கள் சொல்லும் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. முன் கண்ணாடியைச் சுற்றியும் ஒரு கம்பி வளையம் உண்டு. உடைப்பவர்கள் தேடுவது இவற்றைத்தான். எல்லாம் சேர்த்தாலும் ஒரு சாதாரண வீட்டுப் பெட்டியில் கிடைக்கும் செம்பு பெரும்பாலும் ஒரு கிலோவை எட்டாது.

அதே ரியூபில் ஈயம் இருக்கிறது. ரியூபுக்குள் உண்டாகும் எக்ஸ் கதிர் வெளியே வந்து பார்ப்பவரைத் தாக்காதிருக்க, புனல் வடிவான பின் கண்ணாடியில் ஈய ஒட்சைட்டைக் கலந்துள்ளார்கள். அக்கண்ணாடியின் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் ஈய ஒட்சைட்டுதான். பெட்டியின் அளவைப் பொறுத்து அரைக் கிலோவிலிருந்து சில கிலோ வரை ஈயம் இருக்கலாம். பெட்டி முழுதாக இருக்கும் வரை அந்த ஈயம் கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதனால் கெடுதி இல்லை. உடைத்துத் தூளாக்கும்போதுதான் அது வெளியே வருகிறது.

முன் கண்ணாடியின் உட்புறத்தில் மாப்போல ஒரு பூச்சு இருக்கும். படம் ஒளிர்வது அதனால்தான். அதில் நாகச் சேர்வைகளும், மிகப் பழைய பெட்டிகளில் கட்மியமும் உள்ளன. கண்ணாடி உடைந்தால் இந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். போட் எனப்படும் மின்சுற்றுப் பலகையின் பற்றாசில் மீண்டும் ஈயம். பின் மூடியின் பிளாஸ்ரிக்கில் தீப்பற்றாதிருக்கச் சேர்த்த புரோமின் சேர்வைகள். வயரைச் சுற்றியிருப்பது பீ.வீ.சீ. செம்பு எடுப்பதற்காக அதைத் தீயிலிட்டால் எழும் கரும்புகையில் டயொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. அந்தச் சாம்பல் படிந்த மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் முட்டையிலும் அது சேரும்.

நஞ்சு மெதுவாகக் கொல்வது. உடனடி ஆபத்தும் இரண்டு உண்டு. ரியூபுக்குள் காற்று இல்லை, வெற்றிடம். சுத்தியலால் அடித்தால் அது உள்நோக்கி நொறுங்கிக் கண்ணாடித் துண்டுகள் நாலாபுறமும் சிதறும். கண் போவதற்கு ஒரு துண்டு போதும். அடுத்தது, கலர் ரீவியின் ரியூபுக்கு 20,000 வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. பிளக்கைக் கழற்றிய பின்பும் அந்த மின்னேற்றம் ரியூபில் தங்கியிருக்கலாம்.

தட்டை ரீவி என்றால் பயமில்லை என்று எண்ண வேண்டாம். ஆரம்பத்தில் வந்த எல்.சீ.டீ. பெட்டிகளில் திரைக்குப் பின்னால் மெல்லிய குழாய் விளக்குகள் உள்ளன. அவற்றில் சிறிதளவு இரசம், அதாவது மேர்க்குரி, இருக்கிறது. முறிந்தால் ஆவியாகிக் காற்றில் கலக்கும்.

தாய்க்கும் சேய்க்கும் என்ன நடக்கிறது?

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 2021 இல் அது வெளியிட்ட வழிகாட்டலில், இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து அதைத் தடுக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது.

ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும், வளர்ந்தவரை விடச் சிறு பிள்ளையின் உடல் நான்கு ஐந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். தவழும் பிள்ளை நிலத்தில் கையை வைத்து அதே கையை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வராது, சொறி வராது. படிப்பில் பிந்தும், கவனம் சிதறும், காரணமின்றிக் கோபப்படும். "இவனுக்கு மண்டைக்குள்ள ஏறாது" என்று நாம் பிள்ளையைத்தான் ஏசுவோம்.

உடலுக்குள் போன ஈயம் எலும்பில் தங்கிப் பல வருடங்கள் இருக்கும். கர்ப்ப காலத்தில் சிசுவின் எலும்புக்காகத் தாயின் எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கப்படும்போது, அங்கே சேர்ந்திருந்த ஈயமும் கூடவே இரத்தத்துக்கு வந்து, நச்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவிடம் போகிறது. கருச்சிதைவும் நிறை குறைந்த பிறப்பும் ஏற்படலாம். பல வருடங்களுக்கு முன் செய்த வேலையின் பலனைப் பின்னர் பிறக்கும் பிள்ளை அனுபவிக்க நேரிடும் என்பது இதனால்தான்.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. சீனாவில் குய்யூ என்ற ஊர், வீட்டுக்கு வீடு மின்னணுக் கழிவு உடைப்பதற்குப் பேர்போனது. அங்கே 6 வயதுக்குட்பட்ட 165 பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2007 இல் வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 81 பேருக்கு மேல் ஈயத்தின் அளவு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. ஆபிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்கு அருகேயுள்ள ஒரு குடியிருப்பில், பழைய வாகன பற்றரிகளின் ஈயம் கலந்த மண்ணைப் பெண்கள் அள்ளி, வீட்டுக்குக் கொண்டுவந்து அரித்து விற்றார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையான சில மாதங்களில் அங்கே 18 பிள்ளைகள் இறந்தார்கள். அது பற்றரி, ரீவி அல்ல, ஈயத்தின் அளவும் மிக அதிகம். ஆனால் வழி ஒன்றுதான். வறுமையில் ஒரு தாய் வீட்டுக்குள் கொண்டுவந்த வேலை அது.

முறைசாராக் கழிவுத் துறையில் உலகெங்கும் 1 கோடி 29 இலட்சம் வரையான பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று 2021 இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை ஒன்று கூறியது. நமது முற்றத்தில் குந்தியிருக்கும் சகோதரியும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமே இதற்கு அடிப்படை. மத்திய சுற்றாடல் அதிகாரசபை இச்சட்டத்தின் கீழ் உருவானது. 1988 இல் செய்த திருத்தத்தின் மூலம், குறித்துரைக்கப்பட்ட தொழில்களைச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இன்றி நடத்த முடியாது என்ற விதி வந்தது.

அடுத்த முக்கிய படி 2008 பெப்ரவரி 1 ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி. அதிலுள்ள ஒழுங்குவிதிகள் ஆபத்தான கழிவுகளைப் பட்டியலிட்டு, அவற்றைப் பட்டியலிடப்பட்ட கழிவு என்று அழைக்கின்றன. மின்னணுக் கழிவும் இவ்வகையில் சேர்த்தே நிர்வகிக்கப்படுகிறது. அத்தகைய கழிவை உண்டாக்குதல், சேகரித்தல், கொண்டுசெல்லுதல், களஞ்சியப்படுத்தல், அதிலிருந்து பொருள் மீட்டல், மறுசுழற்சி செய்தல், அகற்றுதல் ஆகிய எதையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இன்றிச் செய்யக்கூடாது. அனுமதி பெற்றவர் கழிவை அடையாளமிட்டு வைக்க வேண்டும், பதிவேடு பேண வேண்டும்.

இதைச் சாதாரண மொழியில் சொல்வதானால்: முற்றத்தில் வைத்துப் பழைய ரீவிகளை உடைத்துச் செம்பு எடுத்து விற்பதைத் தொழிலாகச் செய்வதற்கு அனுமதி வேண்டும். பழைய இரும்பு வியாபாரத்துக்குப் பிரதேச சபையில் எடுத்த அனுமதி இதற்குப் போதாது. ஆனால் உங்கள் வீட்டிலுள்ள ஒரு பெட்டியை அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பதற்கு நீங்கள் எந்த உரிமமும் எடுக்கத் தேவையில்லை.

பிள்ளைகளைப் பற்றியும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகளை வேலைக்கமர்த்தல் சட்டம் 2021 இல் திருத்தப்பட்டு, வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்கு உட்பட்ட எவரையும் ஈடுபடுத்தக்கூடாது.

அயலில் யாராவது வயர் எரித்தால் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, பிரதேச சபையிடமோ, மாவட்டத்திலுள்ள சுற்றாடல் அதிகாரசபை அலுவலகத்திலோ முறையிடலாம். 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை நீக்கும்படி நீதவான் நீதிமன்றம் கட்டளையிட முடியும்.

நாடுகளுக்கு இடையில் ஆபத்தான கழிவு போய்வருவதை பாசல் சமவாயம் கட்டுப்படுத்துகிறது. 1989 இல் உருவான இச்சமவாயத்தில் இலங்கை 1992 இல் இணைந்தது. 2025 ஜனவரி 1 முதல் எல்லா வகை மின்னணுக் கழிவுகளும், ஆபத்தானவை என்றாலும் இல்லை என்றாலும், பெறும் நாட்டின் முன் சம்மதம் இன்றி அனுப்ப முடியாதவாறு அது இறுக்கப்பட்டுள்ளது. இது கடதாசிச் சட்டம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய மெத்தைகள் என்ற பெயரில் பிரித்தானியாவிலிருந்து வந்த கழிவுக் கொள்கலன்கள் 2019 இல் கொழும்பில் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு சுற்றாடல் அமைப்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2020 செப்ரெம்பரில் முதற்தொகுதிக் கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன, 2022 இல் எஞ்சியவையும் போயின. கேட்பதற்கு ஆள் இருந்தால் சட்டம் வேலை செய்யும்.

முறையாகக் கழற்றுவது எப்படி?

அனுமதி பெற்ற இடத்தில் முதலில் ரியூபில் தங்கிய மின்னேற்றத்தை நீக்குவார்கள். பின்னர் சிறு துளை மூலம் மெதுவாகக் காற்றை உள்ளே விடுவார்கள். ரியூப் நொறுங்காது. அடுத்து முன் கண்ணாடியையும் ஈயமுள்ள பின் கண்ணாடியையும் சூடேற்றிய கம்பியாலோ வைர வாளாலோ பிரிப்பார்கள். உள்ளிருக்கும் பூச்சை மூடிய அறையில் உறிஞ்சி எடுப்பார்கள். ஐரோப்பிய நாடுகளில் அந்தப் பூச்சை அகற்றியே ஆக வேண்டும் என்பது சட்டம். வேலையாட்களுக்கு முகக்கவசம், கண்ணாடி, கையுறை, வேறு உடை, குளிக்க வசதி, இரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டும். இவற்றில் எதுவும் நமது முற்றத்தில் முடியாத காரியம். "துணியால் மூக்கைக் கட்டினால் போதும்" என்பது தவறான ஆறுதல்.

கண்ணாடியை ஏன் ஒருவரும் வாங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்னர் பழைய ஈயக் கண்ணாடியை உருக்கிப் புதிய ரியூப் செய்தார்கள். தட்டை ரீவி வந்தபின் ரியூப் செய்யும் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, ஈயக் கண்ணாடிக்குச் சந்தை இல்லாமல் போயிற்று. அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், மறுசுழற்சி செய்வதாகச் சொன்ன ஒரு நிறுவனம் பல கோடிக் கிலோ ரியூப் கண்ணாடியைக் களஞ்சியங்களில் குவித்துவிட்டு 2016 இல் கைவிட்டுப் போனது. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே அப்படியென்றால், நமது பள்ளத்தில் கொட்டிய கண்ணாடியை யார் வந்து அள்ளப் போகிறார்கள்?

புளோரிடா பல்கலைக்கழகத்தினர் உடைத்த ரியூப் கண்ணாடியை, குப்பை மேட்டின் புளிப்பு நீரைப்போன்ற திரவத்தில் இட்டுச் சோதித்தார்கள். அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் எல்லை லீற்றருக்கு 5 மில்லிகிராம் ஈயம். கரைந்து வந்ததோ சராசரி 18.5 மில்லிகிராம். கிணற்றை நம்பி வாழும் ஊர்களில் இது யோசிக்க வேண்டிய கணக்கு.

முழுப் பெட்டி என்பதன் பொருள்

இப்போது அந்தத் தாய் சொன்னதற்குத் திரும்புவோம். செம்புக்குக் காசு, கண்ணாடிக்கு இல்லை. அனுமதி பெற்ற நிறுவனமும் வியாபார நிறுவனம்தான். கண்ணாடியைப் பாதுகாப்பாக அகற்ற அதற்குச் செலவாகிறது. பெட்டியிலுள்ள செம்பும் மின்சுற்றுப் பலகையும்தான் அந்தச் செலவில் ஒரு பகுதியையாவது ஈடுசெய்கின்றன. அவற்றைக் கழற்றி எடுத்துவிட்டால், வெறும் ரியூபை ஏற்க ஒருவரும் முன்வர மாட்டார்கள். செம்பு பெட்டியோடு இருக்கும் வரைதான் நஞ்சுக் கண்ணாடிக்குப் போக ஓர் இடம் உண்டு.

ஆகவே முழுப் பெட்டியைக் கொடுங்கள் என்பது வெறும் சுத்தம் பற்றிய அறிவுரை அல்ல. சில நூறு ரூபாவுக்காகச் செம்பைப் பிரிக்கும்போது, அந்தக் கண்ணாடியின் பொறுப்பு முழுவதும் நமது முற்றத்துக்கு வந்துவிடுகிறது. செம்பின் பெரிய இலாபம் அதைக் கொழும்புக்கு ஏற்றி அனுப்புபவருக்கு. பள்ளமும் கிணறும் பிள்ளையும் நமக்கு.

அதேநேரம், உடைக்கும் பெண்ணைக் குற்றவாளியாக நிறுத்துவதையும் நான் ஏற்கமாட்டேன். அன்றன்றாடச் செலவுக்கு அந்தச் செம்பை நம்பியிருப்பவரிடம் வர்த்தமானியை நீட்டினால், அவர் இரவில் உடைப்பார், அவ்வளவுதான். உடைப்பவருக்கு மாற்று வழி காட்டாத சட்டம் பாதிச் சட்டமே.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டில். பழைய பெட்டியைத் திறக்க வேண்டாம், மழையில் நனைய விட வேண்டாம், பிள்ளைகள் விளையாடக் கொடுக்க வேண்டாம். வாங்க வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கே கொண்டுபோகிறீர்கள்? அங்கே உடைப்பவர் யார்? அவரிடம் சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி உண்டா? அனுமதி பெற்ற சேகரிப்பாளர்களின் பட்டியலை அதிகாரசபை தனது இணையத்தளத்தில் வெளியிட்டுள்ளது. மாவட்ட அலுவலகத்திலும் கேட்டறியலாம்.

இரண்டாவது, ஏற்கெனவே இந்த வேலையில் இருப்பவர்களுக்கு. ரியூபை மட்டுமாவது இன்றே நிறுத்துங்கள், வயரை எரிக்காதீர்கள். இதுவரை உடைத்த இடத்தை உலர்ந்த தும்புத்தடியால் கூட்ட வேண்டாம், தூசி எழும். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள், அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். உணவு தொடுமுன்னும் பாலூட்டுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். கர்ப்பிணியானால் அந்தப் பக்கமே போக வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்பதை அவர்கள் தீர்மானிக்க அது உதவும். இரும்பும் கல்சியமும் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். முருங்கையிலை, நெத்தலி, பருப்பு, எள்ளு, பால், தேசிக்காய் என்பன பிள்ளைகளின் சாப்பாட்டில் இருக்கட்டும். ஆனால் சாப்பாடு மருந்தாகாது, ஈயத்தை நிறுத்துவதுதான் மருந்து.

மூன்றாவது, சங்கமாக. ஒரு பெட்டிக்காகக் கொழும்பிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். ஒரு லொறிப் பாரம் இருந்தால் வருவார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று நாள் குறித்து, ஊரிலுள்ள பழைய ரீவி, ரேடியோ, கணினி, கைத்தொலைபேசி எல்லாவற்றையும் முழுதாகப் பொது மண்டபத்தில் சேர்க்கலாம். முன்கூட்டியே பிரதேச சபையோடும் சுற்றாடல் உத்தியோகத்தரோடும் கதைத்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரை அன்றே வந்து ஏற்றச் சொல்லலாம். பெட்டிக்கு என்ன விலை என்பதையும் சங்கமே பேசட்டும். தனியாகக் கேட்கும் பெண்ணுக்குக் கிடைக்காத விலை சங்கத்துக்குக் கிடைக்கும்.

நான்காவது, உடைக்கும் பெண்களுக்காக. வீடு வீடாகச் சென்று பெட்டிகளைச் சேர்ப்பதும் கணக்கு வைப்பதும் இந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. உடைப்பதை விட்டு, சேகரிக்கும் வேலையைக் கூலியோடும் பாதுகாப்போடும் அவர்களுக்குக் கொடுக்க முடியும். கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் சேகரிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பது பற்றி அதிகாரசபையிடம் கேட்கலாம். பிரதேச சபைக் கூட்டத்தில் இக்கோரிக்கையை வைப்பதற்கு நமது பெண் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் எழுத்தில் கொடுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

2022 ஆம் ஆண்டில் உலகம் 6 கோடி 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்றும், அதில் நூற்றுக்கு 22.3 பங்கே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை ஒன்று சொல்கிறது. மிகுதியில் பெரும்பங்கு நமது முற்றங்களைப் போன்ற இடங்களுக்கும் குப்பை மேடுகளுக்கும்தான் போகிறது. உலகக் கணக்கை நாம் திருத்த முடியாது. ஆனால் அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில், "எங்கள் ஊரில் எத்தனை பழைய ரீவி இருக்கிறது?" என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ள முடியும். அந்த எண்ணிக்கையோடு பிரதேச சபைக்குப் போங்கள். எத்தனை பெட்டிகள், எந்த நாளில், எங்கே சேர்ப்பது என்று கேட்கும் சங்கத்தை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது எந்த உத்தியோகத்தருக்கும் இலகுவல்ல.